அம்புமுனையின் எடையும் வடிவும்



பத்து ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை ஏறத்தாழ ஏழேமுக்கால் கிராம். பழைய முறையில் வில்லைக் கையாளும் அமெரிக்க வேட்டையர் தம் அம்பின் நுனியில் பொருத்தும் எஃகு அலகும் பெரும்பாலும் இந்நாணயத்தின் எடைக்குச் சற்றே மேற்பட்டதுதான். மிகப் பெரிதென்றாலும் இதைப்போல் இரண்டரை மடங்கு இருக்கும். இத்துணைச் சிறிய பொருள், ஓர் ஆளின் எடையுள்ள மானைச் சில நொடிகளில் வீழ்த்திவிடுகிறது. அல்லது வீழ்த்தாமல், புண்பட்ட உடலோடு காட்டுக்குள் ஓடவிட்டுப் பல நாள் துடிக்கவிடுகிறது. இவ்விரண்டில் எது நிகழும் என்பதில் வேட்டையரின் கைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவர் தேர்ந்தெடுத்த அலகுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு. அந்தத் தேர்வைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடை செய்துவிட்டன. நன்றே செய்தன என்பது என் கருத்து. அப்படியிருக்க, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் ஒருவன் வேட்டை அம்பைப் பற்றி மாணவரிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். பல்லாண்டு காலம் நான் கரும்பலகையில் எழுதிய உந்தம், இயக்க ஆற்றல், சடத்துவம், ஈர்ப்பு மையம், சாய்தளம் ஆகிய அத்தனை பாடங்களும் ஓர் அம்பில் அடங்கிக் கிடக்கின்றன. அன்றியும், அங்கே கணக்கில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறைவதில்லை. ஓர் உயிர் வீணே வதைபடுகிறது.

முதலில் அளவையைச் சொல்லிவிடுகிறேன். அம்பையும் அலகையும் கிரெயின் என்னும் சிறு எடையால் நிறுப்பது மேலைநாட்டு வழக்கம். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. நம் பொற்கொல்லர் பயன்படுத்திய குன்றிமணி சற்றேறக்குறைய இரண்டு கிரெயின் எனக் கொள்ளலாம். வேட்டை அலகுகள் 100 கிரெயின் முதல் 300 கிரெயின் வரை கிடைக்கின்றன. மிகுதியாக வழங்குவது 125 கிரெயின்.

இனி, அம்பு எவ்வாறு உயிரைப் போக்குகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதில் தெளிவில்லாதவர் அலகைத் தேர இயலாது. 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம் எடையுள்ள அம்பு, நல்லதொரு வில்லிலிருந்து நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 49 ஜூல். வேட்டைத் துப்பாக்கியின் குண்டு ஒன்று, 11.7 கிராம் எடையும் நொடிக்கு 820 மீட்டர் வேகமும் உடையதாயின், 3900 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலைக் கொண்டிருக்கும். அம்பின் ஆற்றல் அதில் எண்பதில் ஒரு பங்கு. துப்பாக்கிக் குண்டு தாக்கிச் சிதைக்கிறது. அம்புக்கு அந்த வலிமை இல்லை. அம்பு அறுக்கிறது, நுரையீரலையும் குருதி நாளங்களையும் அறுத்துக் குருதியை வெளியேற்றுகிறது. ஆகவே வேட்டை அம்பு என்பது தொலைவிலிருந்து செலுத்தப்படும் ஒரு கத்தி. அதனை ஒரு சிறு சம்மட்டியாக எண்ணிக்கொள்பவர்கள்தாம் எடை, எடை என்று அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதனை ஆய்ந்து பார்த்தவர்களுள் சாக்ஸ்டன் போப் என்னும் அமெரிக்க மருத்துவரைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கலிபோர்னியாவின் ஓரவில் என்னும் ஊரருகே, யாகி என்ற பழங்குடியில் எஞ்சியிருந்த ஒரே மனிதர் காட்டிலிருந்து வெளிப்பட்டார். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை. 'மனிதன்' என்று அவருடைய மொழியிலேயே பொருள்படும் இஷி என்னும் சொல்லால் அறிஞர்கள் அவரை அழைத்தனர். 1916இல் அவர் மறையும் வரை சான் பிரான்சிஸ்கோ நகரின் அருங்காட்சியகத்தில் தங்கியிருந்தார். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய போப், அவருக்கு நண்பராகி, வில் செய்யவும் அம்பு செய்யவும் எய்யவும் அவரிடம் கற்றார். கற்றதை 1923இல் ஒரு நூலாகவும் எழுதினார். இஷி தம் அம்புமுனைகளை எரிமலைக் கண்ணாடியிலிருந்து செதில் செதிலாகப் பெயர்த்து ஆக்குவார். அது கிடைக்காதபோது சாதாரணப் புட்டிக் கண்ணாடியும் அவருக்குப் போதும்.

போப் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்வது போலவே செய்திருக்கிறார். ஒரு பெட்டியின் இரு பக்கங்களை நீக்கி, அங்கே மான்தோலைப் போர்த்தி, உள்ளே ஈரலை நிரப்பினார். எலும்பில்லாத உடலுக்கு அஃது ஒரு மாதிரி. இஷி செய்த அம்புகளில், எடையும் அளவும் இறகும் ஒத்த இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்குக் கண்ணாடிமுனை, மற்றதற்கு எஃகுமுனை. வலுக்குறைந்த வில்லொன்றால் பத்துக் கஜத் தொலைவிலிருந்து பன்முறை எய்தார். எஃகு 22 அங்குலம் சென்றது. கண்ணாடி 30 அங்குலம் சென்றது. எடை ஒன்றே, வில் ஒன்றே; விளிம்பு மட்டுமே வேறு. செதில் பெயர்த்த கண்ணாடியின் விளிம்பு ரொட்டி அறுக்கும் வளைபற்கத்தியைப் போல் வேலை செய்கிறது என்று அவர் காரணம் கூறினார்.

மற்றொரு சோதனையும் உண்டு. 1346இல் கிரெசிப் போரில் ஆங்கில வில்லாளிகள் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த ஊசிமுனை அம்பைச் சோதிக்க விரும்பி, அருங்காட்சியகத்திலிருந்து இரும்பு வளையங்களால் பின்னிய கவசம் ஒன்றை இரவல் வாங்கினார். அங்கிருந்த பணியாள் ஒருவர், தாமே அதை அணிந்து நிற்பதாகவும் தம்மீது எய்யலாம் என்றும் முன்வந்தார். போப் நல்வேளையாக மறுத்துவிட்டு, கவசத்தை மரப்பெட்டியின்மீது போர்த்தி ஏழு கஜத்திலிருந்து எய்தார். தீப்பொறி பறந்தது. அம்பு வளையங்களை உடைத்துப் பெட்டிக்குள் புகுந்து, மறுபுறத்துக் கவசத்தையும் புடைக்கச் செய்தது. பணியாளின் முகம் வெளிறிப் பச்சையாயிற்று என்று போப் எழுதுகிறார்.

இவ்வளவு வலிய ஊசிமுனையை மான் வேட்டைக்குக் கொள்ளலாமே என்றால், கூடாது. ஊசிமுனை துளைக்கும், அறுக்காது. அது செய்த துளை சுருங்கி மூடிக்கொள்ளும். விலங்கு நெடுந்தொலைவு ஓடி, எங்கோ நாள்கடந்து மடியும். வடிவு என்பது எதிரே நிற்பது எது என்பதைப் பொறுத்தது. கவசத்துக்கு ஊசி, தசைக்கு அலகு.

அலகுகளின் வகைகளைப் பார்ப்போம். இரட்டை அலகு என்பது தட்டையான இலைபோன்றது, இருபுறமும் விளிம்புடையது. மூன்று அலகு என்பது நடுத்தண்டிலிருந்து மும்முகமாகப் பிரிவது. நான்கு அலகும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துப் பிரெட் பேர் என்னும் புகழ்பெற்ற வில்லாளி 1956இல் வெளியிட்ட அலகில், இரட்டை அலகின் நடுவே மெல்லிய சவரத் தகடு ஒன்றைக் குறுக்காகச் செருகி நான்காக்கிக்கொள்ளலாம். உடலில் பட்டவுடன் விரியும் மடக்கு அலகுகளும் பிற்காலத்தில் வந்துள்ளன. விரிவதற்கே ஆற்றல் செலவாவதால் அவை பழைய வகை வில்லுக்கு ஏற்றவை அல்ல. அவற்றை இவ்வளவில் விட்டுவிடுகிறேன்.

இரண்டா, மூன்றா என்பதே உண்மையான கேள்வி. ஒரு சிறு வடிவக் கணக்கு இதற்கு விடை தரும். அலகின் முழு அகலத்தை ஒரு வட்டத்தின் விட்டமாகக் கொள்ளுங்கள். இரட்டை அலகு ஒரு விட்டத்தின் நீளம் அறுக்கிறது. மூன்று அலகு மூன்று ஆரங்களின் நீளம் அறுக்கிறது. அது ஒன்றரை விட்டம். ஆகவே அதே அகலத்தில் மூன்று அலகு ஒன்றரை மடங்கு அறுக்கிறது. புண் பெரிது, ஆனால் ஒவ்வோர் அங்குலம் உட்புகவும் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். ஆற்றல் எங்கிருந்து வரும்? அதே 49 ஜூலிலிருந்துதான் வரவேண்டும். எனவே ஆழம் குறையும். 60 பவுண்டு இழுவலு உள்ள வில்லை எளிதாக வளைப்பவர் மூன்று அலகைக் கொள்ளலாம். 40, 45 பவுண்டு வில்லுடையவர் ஒன்றேகால் அரைக்கால் அங்குலம் என்று அகலத்தைப் பெருக்காமல், ஓரங்குலத்தை ஒட்டிய ஒடுங்கிய இரட்டை அலகையே கொள்ளுதல் வேண்டும்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அம்பு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறினால் இரண்டு வாயில்கள் உண்டாகின்றன. கீழ்ப்புறத்து வாயிலிலிருந்து குருதி தரையில் சிந்தும். அத்தடத்தைப் பின்பற்றி விலங்கைக் கண்டடையலாம். ஒரே வாயிலாய், அதுவும் மேற்புறத்தில் அமைந்துவிட்டால், குருதி உள்ளேயே தேங்கும், தடம் கிடைக்காது. தேடிக் காணாத மான் எவர்க்கும் உணவாகாது. அதன் சாவும் எளிதாய் இராது.

அலகின் நீளத்தையும் நோக்க வேண்டும். மூன்று அங்குல நீளமும் ஓரங்குல அகலமும் உடைய அலகு, நீண்டு மெல்ல ஏறும் சாய்தளம். ஒன்றரை அங்குல நீளத்தில் அதே அகலம் இருந்தால் அது செங்குத்தான ஏற்றம். வண்டியில் மூட்டை ஏற்றுவோர் நீண்ட பலகையைத் தேடுவதன் காரணம் உங்களுக்குத் தெரியும். நுனி மட்டும் ஊசிபோல் மெலிந்திருத்தல் ஆகாது. விலா எலும்பில் பட்டால் அது சுருண்டுகொள்ளும். சுருண்ட நுனியுடைய அலகு பின்னர் எதனையும் அறுக்காது.

விளிம்பைத் தீட்டுவதிலும் இரு முறைகள் உள. கத்தியைப் போல் இருபுறமும் சாய்த்துத் தீட்டுவது ஒன்று. தச்சனின் உளியைப் போல் ஒரு புறம் மட்டும் சாய்த்துத் தீட்டுவது மற்றொன்று. உளிவகை அலகு உட்புகும்போது தசை அதன் சாய்ந்த முகத்தைத் தள்ளுவதால் சுழன்றுகொண்டே செல்கிறது. எலும்பில் பட்டால் அதனைப் பிளக்க முயல்கிறது. இவ்வகையைத் தேர்பவர் அம்பின் இறகும் அதே திசையில் சுழற்றுகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இறகு வலமாகவும் அலகு இடமாகவும் சுழற்றினால், உடலுள் புகும் வேளையில் ஒன்றையொன்று எதிர்த்து ஆற்றலை வீணாக்கும்.

இப்போது எடைக்கு வருவோம். ஒரே வில்லில் 500 கிரெயின் அம்பும் 650 கிரெயின் அம்பும் எய்யப்படுவதாகக் கொள்வோம். முதலது நொடிக்கு 55 மீட்டர் சென்றால், இரண்டாவது ஏறத்தாழ 48 மீட்டர் செல்லும். ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உந்தம்? முதலதற்கு 1.78, இரண்டாவதற்கு 2.03 அலகுகள், ஏழில் ஒரு பங்கு மிகுதி. தசையும் எலும்பும் தடுக்கும்போது நிற்காமல் செல்லும் தன்மை உந்தத்தைச் சார்ந்தது. எனவே கனத்த அம்பு ஆழப் புகும். அன்றியும், கனத்த அம்பு வில்லின் ஆற்றலை முழுமையாக வாங்கிக்கொள்கிறது. மிக இலேசான அம்பை எய்தால் மிச்ச ஆற்றல் வில்லிலேயே தங்கி, அதை அதிரச் செய்து ஓசை எழுப்பும். அவ்வோசையைக் கேட்டு மான் துள்ளி விலகுவதும் உண்டு.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? காற்றின் தடையைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால், 20 மீட்டர் தொலைவில் முதல் அம்பு 65 சென்டிமீட்டர் தாழ்கிறது, இரண்டாவது 85. வேறுபாடு ஒரு சாண். பழகிய கை அதைச் சரிசெய்துகொள்ளும். 40 மீட்டரில் தாழ்வு நான்கு மடங்காகி, 2.6 மீட்டர், 3.4 மீட்டர் என ஆகிவிடும். வேறுபாடு ஒரு முழத்துக்கும் மேல். தொலைவைச் சற்றே தவறாக மதிப்பிட்டாலும் அம்பு வயிற்றிலோ காலிலோ பாயும். ஆகவே கனத்த அம்பைக் கொள்பவர் அருகே செல்லப் பழகியிருக்க வேண்டும். என் மகள் குடியிருக்கும் மிச்சிகன் மாநிலத்தில், அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழும் முதியவர் ஒருவர் இத்துறையில் பழுத்தவர். அக்டோபர் முதல் நாள் அங்கே வில்வேட்டைப் பருவம் தொடங்கும். இருபது கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை நோக்கி அவர் நாணை இழுப்பதே இல்லை. வில்லின் இழுவலு ஒரு பவுண்டுக்கு எட்டு முதல் பத்துக் கிரெயின் வரை அம்பின் மொத்த எடை இருக்கலாம் என்பது அவர் கொண்டுள்ள விதி. அங்கே பலரும் ஒப்பும் விதியும் அதுவே. 50 பவுண்டு வில்லுக்கு 400 முதல் 500 கிரெயின் என்று ஆகிறது. அவர் பத்தின் பக்கமே நிற்பவர்.

அந்த மொத்த எடையில் அலகின் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இங்கே ஈர்ப்பு மையம் வருகிறது. முப்பது அங்குல அம்பின் நடு பதினைந்தாம் அங்குலம். அலகு பொருத்திய அம்பை விரல்மேல் நிறுத்தினால், நாண் பொருந்தும் வாயிலிருந்து பதினெட்டாம் அங்குலத்தில் சமநிலை கிட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலம் முன்தள்ளியிருக்கிறது. முப்பதில் மூன்று, பத்து விழுக்காடு. பத்து முதல் பதினைந்து வரை பொதுவாக நல்லது என்பர். முன்பாரம் மிகுந்தால் பின்னுள்ள இறகு அம்பை எளிதில் நேர்ப்படுத்தும். பாரம் முன்னே இழுத்துச் செல்ல, தண்டு பின்னே தொடரும். உடலுள் புகும்போது தண்டு நெளிந்து ஆற்றலை வீணாக்குவது குறையும்.

அப்படியானால் அலகின் எடையை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் ஓர் இடர் காத்திருக்கிறது. நாண் அம்பைப் பின்னிருந்து தள்ளுகிறது. முன்னுள்ள பாரம் தன் சடத்துவத்தால் நகர மறுக்கிறது. இடைப்பட்ட தண்டு வளைகிறது. அவ்வாறு வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு, பின்னர் நேராவதால்தான் அம்பு குறியை நோக்கிச் செல்லவே இயல்கிறது. 125 கிரெயின் அலகை எடுத்துவிட்டு 200 கிரெயினைப் பொருத்தினால், அதே தண்டு மிகுதியாக வளையும். மெலிந்த தண்டு போல நடந்துகொள்ளும். அம்பு நெளிந்து நெளிந்து பறக்கும். நெளிந்து வரும் அம்பு சாய்ந்து படும். சாய்ந்து பட்ட அலகு, எத்துணைக் கனமாயினும் ஆழப் புகாது. ஆகவே அலகை மாற்றுபவர், தண்டையும் விறைப்பானதாக மாற்ற வேண்டும். அல்லது சிறிது குறுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றையும் தொட்டாக வேண்டிய பொருள் இது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1980களில் எட் ஆஷ்பி என்பவர் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் உடல்களில் அம்புகள் புகுந்த விதத்தை நெடுங்காலம் ஆராய்ந்தார். கனத்த அம்புக்காகப் பெரிதும் வாதாடியவர் அவர். எருமை போன்ற பெருவிலங்குகளின் தடித்த எலும்பைக் கடக்க 650 கிரெயின் அளவு வேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஆயினும் தம் வரிசையில் முதலிடத்தை அவர் எடைக்குத் தரவில்லை. அம்பும் அலகும் உடையாமலும் வளையாமலும் இருத்தல் முதலாவது. நேராகப் பறத்தல் இரண்டாவது. எடை அதற்குப் பின்னரே வருகிறது. அங்காடியில் கனத்த அலகை வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் இதனைப் படித்திருந்தால் நன்று.

அண்டை வீட்டு முதியவர் தம் கொட்டகையில் அலகு பொருத்துவதை ஒரு மாலை முழுதும் உடனிருந்து பார்த்தேன். தேவதாருத் தண்டின் நுனியை ஐந்து பாகைச் சரிவில் சீவி, உருக்கிய பசையிட்டு, அலகின் குழலை அதன்மேல் ஏற்றினார். பிறகு அம்பை நிமிர்த்தி, நுனியை ஒரு பலகைமேல் ஊன்றிப் பம்பரம் போல் சுழற்றினார். குழலும் தண்டும் சேருமிடம் ஆடாமல் நின்றால் நேர். ஆடினால் மீண்டும் சூடாக்கித் திருப்ப வேண்டும். அலகு காற்றில் ஒரு சிறகு போல் வேலை செய்வதால், மயிரிழைக் கோணலும் அம்பைத் திருப்பிவிடும். பிறகு அதே எடையுள்ள உருண்ட பயிற்சிமுனை அம்பையும், இந்த அலகுமுனை அம்பையும் மாற்றி மாற்றி எய்தார். இரண்டும் ஓரிடத்தில் பட்டால் தண்டும் அலகும் ஒத்துப்போகின்றன என்று பொருள். விலகிப் பட்டால் முன்சொன்ன வளைவுக் கணக்கில் எங்கோ பொருத்தமின்மை இருக்கிறது.

கடைசியாக ஒரு கிண்ணத்தின் வாயில் இரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, தீட்டிய அலகால் அதனை மெல்லத் தொட்டார். தொட்டவுடன் அறுந்தது. தீட்டாத வேறோர் அலகால் அழுத்தினார். இரப்பர் வளைந்து கொடுத்ததேயன்றி அறவில்லை. குருதி நாளமும் இரப்பரைப் போல் நெகிழக்கூடியது; மழுங்கிய அலகுக்கு அது விலகி இடம் கொடுத்துவிடும். கிழிந்த புண்ணில் குருதி விரைந்து உறையும்; சவரக் கத்தி பட்ட கீறலோ நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். முதியவர் ஒவ்வொரு பருவத்திலும், ஒரு முறையேனும் எய்த அலகை மறுபடியும் தீட்டாமல் எடுத்துச் செல்வதில்லை.

அலகின் பின்புறத்தில் எதிர்முள் இருத்தல் ஆகாது என்றும், குறைந்தது முக்கால் அரைக்கால் அங்குல அகலம் இருத்தல் வேண்டும் என்றும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் உண்டு. போர்க்களத்து அம்புகளில் எதிர்முள் வைத்தது, பிடுங்க முயல்பவனைப் பின்னும் வருத்துவதற்காகவே. வேட்டையில் குறி தப்பித் தசையில் மட்டும் தைத்த அம்பு, மான் ஓடும்போது கிளையில் உரசித் தானே கழன்று விழ வேண்டும். அப்போதுதான் புண் ஆறி அது பிழைக்கும். பின்புறம் சரிவாக அமைந்த அலகு அதற்கு வழி விடுகிறது.

எய்து முடித்தபின் வேட்டையர் உடனே மானைத் துரத்துவதில்லை. முதலில் ஊடுருவிச் சென்று விழுந்த அம்பைத் தேடி எடுக்கிறார். அதில் நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி இருந்தால் நுரையீரல் அறுபட்டது. அரைமணி நேரம் காத்திருந்து சென்றால், பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் மான் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சைநிறக் கசடும் நாற்றமும் இருந்தால் அம்பு குடலில் பாய்ந்திருக்கிறது. அப்போது ஆறு மணி நேரமோ, மாலையாயின் மறுநாள் விடியும் வரையோ காத்திருந்து, பிறகு விளக்கோ துணையோ கொண்டு, தரையில் இலை இலையாகப் பார்த்துக்கொண்டு தேடிச் செல்ல வேண்டும்.